எண்பத்திரண்டு

பாட்டரி எத்தனை சதவீதம் என்று காட்டும் இன்வர்ட்டரின் சின்னத் திரைக்கு அவள் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தாள். பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணி, மேலே எலாஸ்டிக், ஓரம் மடித்துத் தைத்தது. "பாட்டரிக்குப் பாவாடை கட்டுன பொம்பளைய எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுச் சிரிப்பார் அவள் கணவர். தூசி படுகிறதே என்பாள் அவள். தூசி ஒன்றும் இல்லை. வெயில் ஏற ஏற பாட்டரியும் ஏறும்; காலை பதினோரு மணிவாக்கில் எண்பத்திரண்டைத் தொடும். விளக்கு வைத்தபின் இறங்கும்போது இன்னொரு தடவை அதே எண்பத்திரண்டு வரும். ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்த எண்ணின் முகத்தில் விழிக்க அவளால் முடியவில்லை. துணி போட்டு மூடியும் என்ன பயன்? தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் கால் அந்த நேரத்துக்குத் தானாக நின்றுவிடும். இன்வர்ட்டரின் விசிறி ஓடும் சத்தம், சுவருக்கு அப்பால் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல் கேட்கும்.

அவள் கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கோ கடலில் கப்பல் நின்றதென்று இங்கே எரிபொருள் விலை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஆடியபோது, கைக்கு வந்த ஓய்வுப் பணத்தை மொட்டை மாடியில் சோலார் பேனலாகப் பரப்பிவிட்டார். யாரோ யார்கூடவோ சண்டை போட்டா நம்ம அடுப்பு ஏன் அணையணும் என்பது அவர் கட்சி. தெருவில் கேலி செய்தார்கள். போன வருஷம் மின்சாரம் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று நிற்க ஆரம்பித்ததும் கேலி செய்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

அந்த நாள் அவர் ஊரில் இல்லை. தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். பாட்டரியை நாற்பதுக்குக் கீழே இறங்க விடாதே, யார் கேட்டாலும் ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுக்காதே, ஒருத்தருக்குக் கொடுத்தால் தெருவே வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் நின்ற மின்சாரம் மத்தியானமாகியும் வரவில்லை. ஒரு வாரத்துக்கு வராது என்று தெருவில் பேச்சு. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டர் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் நீள ஒயர், சுருட்டியபடி. அவர் மனைவிக்கு நெஞ்சு நோய். ஆக்ஸிஜன் மெஷின் வைத்துத்தான் மூச்சு. இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். முறைக்கு அண்ணி இல்லை. கூப்பிட்டுப் பழகி அண்ணியானவள்.

"ரெண்டு மணி நேரம் போதும் தங்கச்சி. அதுக்குள்ள சிலிண்டர் வந்துரும்."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். எண்பத்திரண்டு. தைத்து முடிக்க நாற்பது சீருடைகள் இருந்தன. ஒரு வாரம் என்ற பேச்சு காதில் இருந்தது. இந்த ஒயர் சுவரைத் தாண்டியதும் இன்னும் எத்தனை ஒயர் தாண்டுமோ என்றும் தோன்றியது. இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள்.

"பாட்டரி இறங்கிப் போச்சுண்ணே. எங்களுக்கே ஒரு விளக்குக்குத்தான் இருக்கு."

"பரவால்லம்மா," என்றார். ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக ஒழுங்காகச் சுற்றிக்கொண்டே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்த சத்தம். ஆஸ்பத்திரி வாசல்வரை அண்ணிக்கு உயிர் இருந்ததாகச் சொன்னார்கள்.

யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சாவுக்கு வந்த ஒருத்தி, பக்கத்திலே சோலார் இருந்துமா என்று இழுத்தபோது மாஸ்டரே அவள் வாயை அடைத்தார். அந்தத் தங்கச்சிகிட்டயே இல்லாதப்போ அது என்ன செய்யும், பாவம் என்றார். அந்தப் 'பாவம்' அன்றைக்கு இவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்து போகவில்லை. ஒயர் சுருள் மாஸ்டர் வீட்டுப் பின்சுவர் ஆணியில் தொங்கியது. அவளுடைய சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே அதுதான்.

இன்று காலை மாஸ்டர் தாமாகவே வந்தார். அவரும் பேனல் போடப்போகிறாராம். இவள் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. தங்களுக்குப் போட்டுக் கொடுத்த பேனல்காரரையே வரவழைத்துவிட்டார். அந்த மனிதர் மாடிமாடியாக ஏறி முழங்கால் தேய்ந்தவர். உட்கார்ந்ததும் காலை நீட்டிக்கொண்டு, ஒற்றை ஆளுக்கு இவங்க பாட்டரியில் பாதி போதும் என்றார்.

இவங்களதுபோல இரண்டு மடங்கு வேண்டும் என்றார் மாஸ்டர். அதற்காக மனைவியின் வளையல்களை விற்கப்போவதாகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"ரெண்டு மடங்கா? எதுக்கு மாஸ்டர், சினிமா தியேட்டரா நடத்தப்போறீங்க?" என்றார் கணவர்.

மாஸ்டரும் சிரித்தார். "வெளிச்சுவத்துல ஒரு பிளக் வைக்கப்போறேன், மழை படாம மூடி போட்டு. யாராவது ஒயரோட வந்து நின்னா இல்லன்னு சொல்லக் கூடாது பாருங்க. உங்களுது அன்னைக்கு மத்தியானத்துக்குள்ளயே காலியாயிருச்சே. அதான் பெருசா கேக்குறேன்."

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றது.

"காலியா? இதுவா?" பேனல்காரர் நீட்டிய காலை மடக்கினார். "இருக்காதுங்க. நான் போட்ட பாட்டரி அப்படிப் போகாது."

"எங்கிட்ட இவ சொல்லவே இல்லையே," என்றார் கணவர்.

அதனாலென்ன, பார்த்துவிடலாம் என்றார் பேனல்காரர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு இருந்தது என்று அது தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். போட்ட நாள் முதல் எல்லாம் உள்ளே இருக்குமாம், போனிலேயே பார்க்கலாமாம். இது அவளுக்குப் புதுச் செய்தி. அந்த எண் தன் ஒருத்திக்குள் மட்டும் இருப்பதாக அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்? துணி போட்டு மூடியதெல்லாம் வெளியேதான். உள்ளே அது உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

கணவர் போனை எடுத்துக் கொடுத்தார். என்ன தேதி என்று பேனல்காரர் கேட்டார். மாஸ்டர் சொல்லவில்லை. போனின்மேல் கையை வைத்தார்.

"வேணாம், விடுங்க. அந்த மாசத்தைத் திறக்க வேணாம். தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பேனல்காரர் உங்கள் இஷ்டம் என்பதுபோல் போனைக் கீழே வைத்தார். பெரிய பாட்டரிக்கே எழுதிக்கொள்ளட்டுமா என்றார். மாஸ்டர் தலையாட்டினார். அவ்வளவுதான், தப்பியாயிற்று. இனி அவள் டீயைக் கொண்டுபோய் வைத்தால் போதும். அடுத்த மாதம் சுவரில் ஒரு பிளக் வரும். வளையல்கள் போகும். யாருக்கும் எதுவும் தெரியாது.

டீயைக் கொண்டுபோய் வைத்தாள். நாலு டம்ளரையும் தட்டில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு கீழே கிடந்த போனை எடுத்துப் பேனல்காரர் கையில் கொடுத்துத் தேதியைச் சொன்னாள். மத்தியானம் ஒண்ணே கால் என்று நேரத்தையும் சொன்னாள்.

கணவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன இப்ப?"

"அண்ணன் பாக்கட்டும்," என்றாள். "நீங்க பாருங்கண்ணே. பாத்துட்டு எந்த பாட்டரின்னு சொல்லுங்க."

பேனல்காரரின் கட்டைவிரல் நாட்களைப் பின்னால் தள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு மேடுபோல் ஏறி இறங்கிப் போனது. வெயில் காலத்து உயர்ந்த மேடுகள், மழைக்காலத்துச் சப்பையான மேடுகள். விரல் நின்றது. அவர் போனை மாஸ்டர் பக்கம் நீட்டினார்.

எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று மாஸ்டர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். எடுத்தார். சட்டை நுனியால் முதலில் ஒரு பக்கத்தைத் துடைத்தார், பிறகு மற்றதை. உள்ளறையில் இன்வர்ட்டரின் விசிறி ஓட ஆரம்பித்தது. அவள் போய்த் திரையின் உறையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் வெளுத்துப்போன ஒயர் ஆணியில் அசையாமல் தொங்கியது. ஒரு வருஷமாகியும் சுற்று ஒன்றுகூடக் குலையவில்லை.