நிற்க வைத்து எடுத்த அளவு

டயர் கடையில் ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். நியாயம் பேசியவர்கள் மொத்தம் மூன்று பேர்தான்: தையல்காரர், அவர் தம்பி, கடைக்காரர். ஆனால் தம்பி தனியாளாகவே ஒரு கூட்டத்துக்குப் பேசுவான் என்பதால் கடை நிரம்பியிருந்தது.

தையல்காரரின் மனைவிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வாசலில் நிற்கும் பிக்கப் வண்டி அவளுடையது. பழசுதான், ஆனால் அவள் பெயரில் இருக்கிறது. அதுவரை அவள் ஓட்டியதெல்லாம் கம்பெனி வண்டி. மாட்டிக் கொடுத்த டயரில் ஓட்டினாள். அது வழுக்கையானபோதும் வாயைத் திறக்காமல் ஓட்டினாள். இன்றுதான் ஒரு மனிதர் அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன சைஸ்மா வேணும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே கடைக்காரருக்குப் பெரிய கும்பிடாகப் போடலாம் போலிருந்தது.

ஆனால் விஷயம் விளையாட்டல்ல. மலை மேல் பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் குடிதண்ணீர் கேன் ஏற்றிப்போக ஒரு வண்டி தேவை. போன வாரம் சோதனைக்குப் போனவள், ஒரு வளைவில் வண்டியின் வயிறு கல்லில் தட்டி உட்கார்ந்துகொள்ள, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டியைப் பின்னோக்கியே இறக்கிக்கொண்டு வந்தாள். "இன்னும் ஒரு தடவை பாருங்கம்மா. இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் கட்டட வேலையின் மேலாளர். அந்த ஒரு தடவை நாளைக் காலை. அதையும் கோட்டை விட்டால் பழைய முதலாளியிடம் போய்ச் சாவி கேட்டு நிற்க வேண்டும். அவர் தரமாட்டார் என்றில்லை. சிரித்துக்கொண்டே தருவார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"அண்ணி, இருபது அங்குல ரிம் போடுங்க. மெல்லிசா டயர். தெருவே திரும்பிப் பாக்கும்" என்றான் கொழுந்தன்.

"தெரு பாக்கும் தம்பி, கல்லு பாக்குமா?" என்றாள் அவள். "மெல்லிசு டயர் கல்லுல ஏறினா ரிம்மு நெளிஞ்சிடும். எனக்கு அழகு வேண்டாம், உயரம் வேணும்."

தையல்காரர் இந்த அழகுப் பேச்சில் தலையிடவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயரில் எழுதியிருந்த எண்களைக் குடைந்துகொண்டிருந்தார். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் இத்தனை சதவீதம். கடைசி எண் ரிம்மின் அளவு, அங்குலத்தில் என்று கடைக்காரர் விளக்கினார்.

தையல்காரருக்கு வந்ததே கோபம். "ஒரே சட்டைக்குக் கை மில்லிமீட்டரு, உடம்பு சதவீதம், காலரு அங்குலமா? இத வெட்டினவன் யாருங்க? என் கடையில ஒரு நாள் தாங்க மாட்டான்."

திட்டினாரே தவிர, கணக்கை விடவில்லை. இப்போது இருக்கும் டயர் இருநூற்று நாற்பத்தைந்து, எழுபது, பதினாறு. இருநூற்று எண்பத்தைந்து, எழுபத்தைந்து, பதினாறு போட்டால் வண்டி தரையிலிருந்து நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் எழும்பும். சக்கரக் குழிக்குள் நாடாவை விட்டு, மேலே, முன்னே, பின்னே அளந்தார். "தாராளமா உக்காரும். ரெண்டு விரல் மிச்சம் இருக்கு" என்றார். அவர் நாடா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பழைய சக்கரங்கள் கழன்று பெரிய டயர்கள் ஏறின. ஜாக்கியை இறக்கியதும் வண்டி தலை நிமிர்ந்து நின்றது. அவளுக்குக் குழந்தை போலக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வயதை நினைத்துக் கையை மட்டும் தட்டினாள். போன வாரம் தட்டிய கல்லை இது தாண்டும், கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தாள். எங்கும் உரசவில்லை.

"இருங்க அண்ணி, ஒரு போட்டோ" என்று கொழுந்தன் சக்கரத்தின் முன் சட்டென்று குந்தினான். டர்ரென்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கிழிந்தது அவனுடைய கால்சட்டை. போன மாதம் அண்ணன் தைத்துக் கொடுத்தது.

கடையே சிரித்தது. அவளும் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் பின்பக்கத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன நிக்க வச்சு அளவெடுத்தேன்டா. உக்கார வச்சுப் பாக்கல" என்றார். பிறகு மெதுவாக வண்டிப் பக்கம் திரும்பினார். "இங்க பாரு, இதையும் நிக்க வச்சுத்தானே அளந்தேன்? வெறும் வண்டி, சமதரை."

அவளுக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நாளைக்கு வண்டியில் பாரம் இருக்கும். அந்த வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடியே கல்லில் ஏற வேண்டும்.

"எல்லாரும் ஏறுங்க" என்றாள்.

கடைக்காரர், வேலையாட்கள், பஞ்சருக்குக் காத்திருந்தவர்கள், இடுப்பில் துண்டு கட்டிய கொழுந்தன் என்று பின்னால் அடைத்துக்கொண்டு ஏறினார்கள். வண்டி அமுங்கியது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன்சக்கரம் ஒன்றை நடைபாதை விளிம்பில் ஏற்றினாள். கர்ரென்று ஒரு சத்தம். ரப்பர் நாற்றம் அடித்தது. இறங்கிப் பார்த்தால், சக்கரக் குழியின் உட்சுவரை டயர் பிறாண்டி வைத்திருந்தது. மலையில் இது நடந்திருந்தால் பாதி வளைவில், ஒரு பக்கம் பள்ளத்தைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

"ஒரு படி கீழ வாங்கம்மா. இருநூத்தி அறுபத்தஞ்சு, எழுபத்தஞ்சு, பதினாறு. உரசாது" என்றார் கடைக்காரர்.

"உயரம்?"

தையல்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "பெரிச விட இது ஒரு விரல் கம்மி."

ஒரு விரல். அந்த ஒரு விரலில் கல் தட்டுமா, தட்டாதா? நாடாவுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. நியாயம் பேசிய மூன்று பேரும் இந்த முறை அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி அந்த வளைவை நினைத்துப் பார்த்தாள். போன வாரம் அந்தக் கல்லுக்குப் பயந்து, அதைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டு ஓட்டினாள். அதனால்தான் வயிறு தட்டியது. சக்கரத்தையே அதன் தலைமேல் ஏற்றினால் வயிற்றுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் ஏற்ற வேண்டுமென்றால் ஸ்டியரிங் முழுக்கத் திரும்ப வேண்டும்.

"சின்னதையே போடுங்க. உயரம் கொஞ்சம் குறைஞ்சா நான் பாத்துக்கறேன். திரும்பலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

மாட்டி முடித்ததும் அத்தனை பேரும் யாரும் சொல்லாமலே மறுபடி ஏறிக்கொண்டார்கள். விளிம்பில் ஏற்றித் திருப்பினாள். சத்தமே இல்லை.

மறுநாள் காலை தண்ணீர் கேன்களோடு மலை ஏறினாள். வளைவுக்கு மேலே மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கியரில் போட்டாள். ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்து, இடது சக்கரத்தை அந்தக் கல்லின் உச்சந்தலைக்கே விட்டாள். வண்டி சாய்ந்தது. கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பக்கத்துக் கண்ணாடியில் பள்ளம் மட்டும் தெரிந்தது. ரப்பர் கல்லைக் கவ்வியது. அடியில் ஏதோ ஒரு கூழாங்கல் டக்கென்று தெறித்தது. அவ்வளவுதான். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறி இறங்கி, வண்டி நிமிர்ந்து மேலாளர் பக்கத்தில் போய் நின்றது.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஒரு கேனைத் தட்டிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து வந்துடுங்கம்மா" என்றார்.

அவர் தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்து வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் தையல்காரர்.

"உரசுச்சா?" என்றார் அவர்.

"இல்லங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. ராத்திரியெல்லாம் பிடித்து வைத்திருந்த மூச்சு போலும். வேலை கிடைத்ததா என்று அவருக்குக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என் வண்டிங்க" என்றாள். "நான் சொன்ன பக்கமெல்லாம் திரும்புதுங்க."