லீட்டருக்கு எட்டு

முத்தலிப் காரின் கூரைக் கரியரைக் கழற்றி மதிலோடு சாய்த்துவைத்தான். ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் ஏற்கெனவே இறங்கிவிட்டன. பிளக்குகளைப் பெற்றோலில் கழுவிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பூட்டியாயிற்று. நான்கு டயருக்கும் விடியற்காலையிலேயே காற்றடித்துவிட்டான்.

"ஸ்டார்ட் பண்ணு," என்றான் கதிரையில் சாய்ந்திருந்த றஸாக்.

கார் இருமிக்கொண்டு பிடித்தது. றஸாக் கண்ணை மூடிக் கேட்டான். சம்மாந்துறை வயல்களில் இருபது வருடம் உழவு மெஷின் ஓட்டிய காது அது. "எண்ணெயக் கூடக் குடிக்குது. காபரேட்டர் ஆணிய அரைச் சுத்து இறுக்கு. போதும், போதும்! அவ்வளவுதான்."

பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு அட்டைக்குக் கிழமைக்கு இருபது லீட்டர்தான். றஸாக்கின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இருதரம் மட்டக்களப்புக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். கல்முனையிலிருந்து போய்வர எண்பது கிலோமீட்டர், இருதரத்துக்கு நூற்றறுபது. இந்தக் கிழட்டுக் கார் லீட்டருக்கு ஏழுதான் ஓடியது. இருபது கிலோமீட்டர் துண்டு விழுந்தது. முத்தலிப் கார் ஹயருக்குப் போவதை நிறுத்தி மாதம் ஒன்றாகிறது, அப்படியும் காணவில்லை. போன கிழமை இரண்டாவது பயணம் தவறியதில் றஸாக்கின் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வராமல், இரவு முழுக்கக் குந்தியே கிடந்தான். பஸ்ஸிலும் ஒருதரம் போய்ப் பார்த்தான். திரும்பும்போது ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தான்.

"லீட்டருக்கு எட்டு வேணும் முத்தலிப். குறைஞ்சா நான் மௌத்து," என்று றஸாக் சிரித்தான். முத்தலிப்புக்குச் சிரிப்பு வரவில்லை.

றஸாக்கின் பெண்சாதி சுபைறா பையும் சுடுதண்ணிப் போத்தலுமாக வந்து பின்கதவைத் திறந்தாள். ஒவ்வொரு பயணமும் அவள் மடியில்தான் றஸாக்கின் தலை இருக்கும்.

"நீ இண்டைக்கு வராதகா," என்றான் றஸாக்.

"என்னத்துக்கு?"

"நீ ஒரு மூட்டை நெல்லு. கார் இழுக்குதில்ல."

"பகிடி விடாதீங்க. வருத்தக்காரனை ஆராச்சும் தனிய அனுப்புவாங்களா? ஊரு என்ன கதைக்கும்?" அவள் முத்தலிப்பைப் பார்த்தாள். "காக்கா, நீங்களாச்சும் சொல்லுங்களன்."

முத்தலிப் குனிந்து டயரைத் தட்டினான். இந்த மூட்டைக் கணக்கை முந்தாநாளே போட்டவன் அவன்தான். கூடப்பிறந்த தங்கச்சியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை, மச்சானிடம் சொல்லியிருந்தான்.

"கொஞ்ச நாளைக்குத்தான் தங்கச்சி. ஓடிப் பார்ப்பம்."

அவள் பையை உள்ளே வைத்தாள். கதவை உடனே சாத்தவில்லை. "அடிக்கடி பின்னால திரும்பிப் பாருங்க காக்கா," என்றாள்.

நாற்பத்தைந்துக்கு மேல் மிதிப்பதில்லை. பிரேக்கைத் தொடுவதில்லை. ஒருதரம் நின்று கிளம்பினால் போதும், அது பெற்றோலை மடமடவென்று இழுத்துவிடும் என்பது றஸாக்கின் சட்டம். கல்லாற்றுப் பாலத்தின் முதுகில் ஏறியதும் பின்சீட்டில் படுத்தபடியே, "நிப்பாட்டு!" என்பான். முத்தலிப் இஞ்சினை நிறுத்துவான். கார் சத்தமில்லாமல் இறக்கத்தில் உருளும். இருவரும் லைட் போஸ்டுகளை எண்ணுவார்கள். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்னைப் பிடித்துக்கொண்டு ஏசுவான். "அவன்ட வாப்பாட எண்ணெயா?" என்று றஸாக் பதில் ஏசுவான். பத்துப் போஸ்ட் உருண்ட அன்று லீட்டருக்கு எட்டு வந்தது. பதினொன்று உருண்ட கிழமை எட்டரை. மூன்று கிழமை ஒரு பயணமும் தவறவில்லை. றஸாக்கின் கால் வீக்கம் வடிந்தது. பெற்றோலை வென்றுவிட்டோம் என்று முத்தலிப்புக்கு ஒரு பெருமை வந்துவிட்டது.

நாலாம் கிழமை, இரண்டாவது பயணம். றஸாக் மெஷினில் இருந்த நாலு மணித்தியாலமும் முத்தலிப் வெளியே வேப்பமர நிழலில் குந்தியிருந்தான். பக்கத்தில் ஆரோ பெரியவருடைய ஜீப், ஏசி போட்டபடி இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சாரதி வாயைப் பிளந்து தூங்கினான்.

றஸாக்கைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. "பிரஷர் கொஞ்சம் இறங்கிட்டு," என்றான். சீட்டில் சரிந்தவன் களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஒன்றும் கதைக்கவில்லை. தூங்குகிறான், தூங்கட்டும் என்று முத்தலிப் பெற்றோல் முள்ளையே பார்த்து ஓட்டினான். முள் அசையவேயில்லை. இன்றைக்கு ஒன்பது வரும்!

பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிப்பாட்டு."

"பொறுங்க மச்சான், இன்னும் உச்சிக்கு வரல்ல."

"முத்தலிப்... நிப்பாட்டு."

உச்சி வந்தது. முத்தலிப் திறப்பைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினான். எதிரே ஒரு வாகனமும் இல்லை, காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. எட்டு, ஒன்பது, பத்து என்று சத்தமாக எண்ணினான். பதினொன்றையும் தாண்டியது. பதினாலாவது போஸ்டடியில் கார் தானாக ஓய்ந்து நின்றது.

"பதினாலு மச்சான்! கண்டீங்களா, பதினாலு!"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். றஸாக்கின் ஒரு கை முன்சீட்டின் முதுகை எட்டிப் பிடிக்கப் போய், பாதியில் தொங்கிக் கிடந்தது.

அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். சுபைறா முத்தலிப்பை உள்ளே கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"அவர் கடைசியா என்ன கதைச்சார் காக்கா?"

"நிப்பாட்டு எண்டு சொன்னார்."

"நீங்க நிப்பாட்டினீங்களா?"

"ஓம்," என்றான். "நிப்பாட்டினன்."

"அது போதும். நான் இல்லாட்டியும் நீங்க பக்கத்தில இருந்தீங்க. அல்லாஹ் உங்கள நல்லா வைக்கணும்."

வெளியே ஆரோ கூப்பிட்டார்கள். மையித்தைத் தூக்கிப்போகச் சந்தூக்கு உள்ளே வரப் போகிறதாம், கார் வழியில் நிற்கிறதாம், தள்ளிவிடட்டாம். முத்தலிப் போய் ஏறி உட்கார்ந்து திறப்பைத் திருப்பினான். பெற்றோல் முள் மெல்ல எழும்பி, சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. இன்னும் இருபது கிலோமீட்டர் ஓடும்.