ஊமையன் கேட்ட ஓட்டு

ஓட்டுப்பதிவுக்கு மூன்றே நாள். கட்சிகள்மேல் அரசர் போட்டிருந்த முப்பது வருஷத் தடை நீங்கி, எங்கள் செங்கொடி முதன்முறையாகப் பட்டப்பகலில் மலையேறியது. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடியவன் நான்தான். என் கால் தரையில் பாவவே இல்லை.

"மேல பாங்தெல் ஊர்ல நானூறு ஓட்டுண்ணே. அது விழலேன்னா நாம தோத்தோம்" என்றேன், எங்கள் வேட்பாளர் ஹோமநாத் பாஸ்தோலாவிடம்.

"கவலைப்படாத தம்பி. தலைமறைவா இருந்தப்ப ரெண்டு வருஷம் அங்கதான் மாடு மேய்ச்சேன். எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

எப்படித் தெரியும் என்பதை மட்டும் மனுஷன் சொல்லவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. அவர் பெஞ்சில் ஏறியதும் ஒரே ஆரவாரம்.

"அட, நம்ம ஊமையன்!"

"பாவம், வாயில்லாத பிள்ளையக் கொடி பிடிக்க இழுத்துட்டு வந்திருக்கானுங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவர் ஒலிபெருக்கியை வாங்கிவிட்டார். "பாங்தெல் மக்களே!"

மைதானத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"மன்னிச்சிடுங்க. என்னோடது பூணூல் போட்ட வீட்டுப் பேச்சு. இந்த ராய் சனங்க ஊர்ல வாயத் திறந்திருந்தா வெளியாள்னு தெரிஞ்சு மறுநாளே போலீஸ் வந்திருக்கும்."

"அப்ப எங்க வீட்டுப் பன்னிக்கறியத் தின்னது?"

"அதுவும் நான்தான்."

"காது?"

"காது... நல்லாத்தான் கேட்டுச்சு."

அவ்வளவுதான், மைதானம் கொதித்தது. செவிட்டு ஊமைதானே என்று இரண்டு வருஷமாக அவர் எதிரில் எதைத்தான் பேசாமல் விட்டார்கள்!

"ஐயையோ, மாமியாரப் பத்தி நான் சொன்னதெல்லாம்?"

"காட்டு மரத்த வெட்டினது யாருன்னு இவனுக்குத் தெரியும்டா!"

நானூறு ஓட்டும் மலைச்சரிவில் உருண்டு போவதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அப்போதுதான் ஜசுமதி முன்னால் வந்தாள். அவருக்குத் தொழுவத்துப் பரணில் இடம் கொடுத்து இரண்டு வருஷம் கேழ்வரகுக் களி போட்டவள். கூட்டம் தானாக வழிவிட்டது.

"டேய், தினமும் மாவரைக்கும்போது உங்கிட்டதானே அழுதேன்? ஊர்ல ஒருத்திகிட்டயும் சொல்லாதத உங்கிட்டதானே சொன்னேன்? என்ன சொன்னேன்? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு!"

'ஞாபகமில்லன்னு சொல்லித் தொலைங்கண்ணே' என்று அவர் காலைக் கிள்ளினேன். சிறையில்கூட மூன்று மணிநேரம் விடாமல் பேசிய மனுஷன்! ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். அவளை நேராகப் பார்த்தார். இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஆ... ப்பா... பே..."

ஜசுமதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "நம்ம ஊமையனேதான்!" என்று, வேட்பாளருக்குப் பூச நான் கொண்டுவந்து பெஞ்சில் வைத்திருந்த தட்டிலிருந்து சிவப்புப் பொடியை அள்ளி அவர் முகமெல்லாம் அப்பினாள். மாமியாரைப் பற்றிப் புலம்பியவளும் ஓடி வந்து அப்பினாள். மரம் வெட்டியவர் மாலையே போட்டார். நானும் கொடியோடு ஏறிக் குதித்த குதியில் பெஞ்சு உடைந்தது.

நாங்கள் மலையிறங்கக் கிளம்பும்போது ஜசுமதி அவர் காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஓட்டு உனக்குத்தான். ஆனா ஜெயிச்சு காத்மாண்டு சபைக்குப் போனதும் அங்கயும் ஊமையாயிடாத. அப்படி எதாவது காதுல விழுந்துச்சு, நானே வந்து உரிச்சிடுவேன்."