நாற்பத்தெட்டு மணி நேரம்

ஐஸ் பெட்டியின் மூடியைக் கடைப் பையன் சதீஸ்குமார் தூக்கிப் பிடித்திருந்தான். இளவரசி உள்ளே கைவிட்டு, கணவனின் கட்டைவிரலை முந்தானையால் துடைத்து, பூட்டைத் திறக்க அவனுடைய போனில் வைத்தாள். எடுக்கவில்லை. ஊதிச் சூடாக்கி மறுபடி வைத்தாள். எடுக்கவில்லை.

"போதும் சதீசு. மூடு."

"வெள்ளிக்கிழம கடைசி நாளு அண்ணி. மலைப் புள்ளைங்க ஸ்காலர்ஷிப்பு பாஸ்வேர்டு மொத்தமும் அதுக்குள்ளதான் கீது. உங்ககிட்டகூட அண்ணன் சொல்லலியா?"

அவள் போனைச் சார்ஜில் போட்டாள்.

போளூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பதினெட்டு வருஷமாக நெட் சென்டர் வைத்திருந்தான் பூவரசன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஈமெயில் திறந்து கொடுப்பான். பாஸ்வேர்டை அவர்கள் அவனிடமே விட்டுவிட்டுப் போவார்கள். முதலில் நோட்டில் எழுதி வைத்தான். அப்புறம் கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட். அதை யாரோ திறந்து பார்த்துவிட்டது தெரிந்த அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை. அதன் பிறகுதான் போனில் இந்த ஆப். எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும். திறக்க அவன் கட்டைவிரல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் அவன் தலைக்குள் இருந்தது. நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

அவனை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் அவள் போனிலும் அந்த ஆப்பைப் போட்டிருந்தான். "நாமினி மாதிரி உன்ன சேத்துக்கிறேன். எனக்கு இன்னாவாச்சும் ஆனா இதுல கேளு, தொறக்கும்." வாயைக் கழுவச் சொல்லித் திட்டியிருந்தாள்.

இப்போது தன் போனில் அந்த ஆப்பைத் திறந்து, அனுமதி கேட்கும் பட்டனை அழுத்தினாள். விளக்குக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த அவன் போன் சிணுங்கியது.

'உங்கள் பெட்டகத்தைப் பார்க்க இளவரசி அனுமதி கேட்கிறார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நீங்கள் மறுக்கலாம்.'

இரண்டு நாளும் அந்தப் போனை யாரையும் தொட விடவில்லை. அது ஒவ்வொரு முறை சிணுங்கியபோதும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தாள்.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த சாயங்காலம், பெட்டகம் திறந்தது.

"தொறந்துச்சா அண்ணி?"

"ம். அவரு வேணாங்கல."

முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் பெயர் அபிநயா, ஜமுனாமரத்தூர். கடை போனிலிருந்து கூப்பிட்டாள்.

"சொல்லுங்கண்ணா," என்றது ஒரு பெண் குரல். "நானே போன் பண்ணலாம்னு இருந்தேண்ணா."

இளவரசி பெட்டகத்தில் அந்தப் பெயரைத் தொட்டுத் திறந்தாள்.

"பேனா வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள்.