இன்னும் ஒருவர் வர வேண்டும்

மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடவில்லை என்று என் மனைவிதான் போன் செய்து சொன்னாள். அவள் அங்கே தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் நான் மெக்கானிக். வேலை நேரத்தில் எங்களுக்குள் பேச்சு வருவதே இப்படித்தான். "நாலாவது மாடி. கதவு தெறந்தபடியே நிக்குது, எல்லாரும் கத்துறாங்க. சீக்கிரம் வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க" என்று புகாரையும் குடும்பத்தையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். லிஃப்டில் கோளாறு எதுவும் இல்லை. சின்னப் பையன் ஒருவன் கதவோரம் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே இருந்தவர்கள் அவனை வா என்றும் போ என்றும் அதட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. வராந்தாவின் கோடியில் இருந்த பிசியோதெரபி அறையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஓர் ஆயா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் அவனைவிட மூத்தவளாக ஒரு பெண். "வழி விடுங்க, வழி விடுங்க, மகாராணி வர்றாங்க" என்று அவளே தனக்குக் கட்டியம் கூறிக்கொண்டு வந்தாள். நாற்காலியின் பின்சக்கரம் உள்ளே ஏறிய பிறகுதான் பையன் நகர்ந்தான். கதவு மூடிக்கொண்டது.

கேன்டீனில் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அவர்களைத் தேடிப் போனாள். திரும்பி வரும்போது எல்லாம் விசாரித்திருந்தாள். அக்கா தம்பி. ஒரு பராமரிப்பு இல்லத்தில் வளர்கிறார்கள். பெரியவளுக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சின்னவன் பேசுவதில்லை, அவனுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு, அவை மாறினால் தாங்கமாட்டான். தத்தெடுக்க வந்தவர்களில் பெரியவளின் பேச்சில் மயங்கி அவளை மட்டும் கேட்டவர்கள் உண்டு. இருவரையும் கேட்டவர்கள் இல்லை.

"கதவப் புடிச்சிக்கிட்டு நின்னான்னு நீங்கதானே சொன்னீங்க. அவன விட்டுட்டு அவள மட்டும் எப்படிங்க கூட்டிட்டு வர்றது?" என்றாள்.

யாரையாவது கூட்டி வருவதைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதே இல்லை. ஆறிப்போன அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் அவளுக்கு அந்த ஆசை இருப்பதை நான் தெரிந்துகொண்டேன்.

அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்து நிறையப் பேசினார். "மாப்ள, புள்ள வேணும்னா கைக்குழந்தையாப் பாத்து எடுங்க. இது வம்ப வெலை குடுத்து வாங்குற மாதிரி." நான் பதில் தேடுவதற்குள் அவள் சொன்னாள்: "அண்ணே, இவரப் பொண்ணு பாக்க வரச் சொன்னப்பவும் நீ இதையேதான் சொன்ன." அவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே வந்து எங்களுடைய சாமான்களை இறக்க உதவினார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறவரு, பொண்டாட்டிய மட்டும் படி ஏத்துறாரு" என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்த வீடு அது. அதை விட்டுத் தரைத்தளத்துக்கு மாறினோம். நாற்காலி திரும்பும்படி குளியலறைக் கதவை அகலப்படுத்தினேன். ஸ்விட்சுகளை இறக்கினேன். கை கழுவும் தொட்டியையும் கண்ணாடியையும் பெரியவளின் உயரத்துக்குத் தாழ்த்தினேன். காலையில் பல் தேய்க்க என் மனைவி இடுப்பை வளைத்து நின்று, "நாம ரெண்டு பேரும் குள்ளமாப் போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பாள்.

மனு கொடுத்து, அதிகாரிகள் வீட்டை வந்து பார்த்து, மருத்துவச் சான்று கேட்டு, தத்தெடுக்கும் வேலை ஒரு பக்கம் நத்தையாக நகர்ந்தது. வாரத்துக்கு ஒரு நாள் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம். உத்தரவு வரும்வரை அப்பா, அம்மா என்று கூப்பிடப் பழக்கக்கூடாது என்பது அங்கே விதி. பெரியவள் அதற்கு வழி கண்டுபிடித்தாள். என்னை லிஃப்ட்காரரே என்றாள். என் மனைவியைப் போன்காரம்மா என்றாள். "என்ன லிஃப்ட்காரரே, இன்னிக்கு மேலயா கீழயா?" என்பதுதான் எனக்கு வரவேற்பு.

சின்னவனின் வரவேற்பு வேறு விதம். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பார்வையாளர் அறையின் கதவைத் திறந்துபிடித்து நிற்பான். நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் என் மனைவி முதலில் உள்ளே போய்விடுவாள். அவளுடைய பையின் வாரை அவன் ஒருமுறை தொடுவான். பிறகும் கதவை விடமாட்டான். நான் உள்ளே வந்ததும்தான் சாத்துவான். சாத்தியதும் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். "ஆள் எல்லாம் வந்தாச்சு, வண்டி போகலாம்" என்று அவன் அக்கா அறிவிப்பாள். அதற்குப் பிறகு அவன் என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருப்பான். அந்தக் கனம் இப்போதும் என் தொடையில் இருக்கிறது.

ஒரு நாள் வேலையில் இருக்கும்போதே, காதில் மாட்டிய ஹெட்போனோடு, என் மனைவி மேசையில் தலையைச் சாய்த்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மருத்துவமனைக்குள்ளேயே இருந்தும் எதுவும் செய்ய முடியவில்லை.

காரியங்கள் முடிந்து நான் தனியாக இல்லத்துக்குப் போனபோது, எஞ்சின் இல்லாமல் வந்த ரயில்பெட்டியைப் பார்ப்பதுபோல் சின்னவன் என்னைப் பார்த்தான். பெரியவளிடம் சொல்லியிருந்தார்கள். "அவங்களுக்கு வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு சக்கரத்தின் ரப்பரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். சின்னவன் கதவைச் சாத்தவில்லை. பார்வை நேரம் முடியும்வரை பிடித்தபடியே நின்றான். அடுத்த வாரமும் அப்படித்தான். என் மடிக்கு வரவில்லை.

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். என் வயதுக்காரி, தன்மையான பெண்மணி. தாழ்த்தி வைத்த தொட்டியைக் குனிந்து பார்த்து, குழாயைத் திறந்து மூடினார். பிறகு, "ரெண்டு பேராக் குடுத்த மனு சார் இது. இப்ப நீங்க ஒருத்தர். வேலைக்கும் போகணும்" என்றார்.

"பகல் ஷிஃப்ட் மட்டும் கேட்டிருக்கேன் மேடம். மச்சானும் அவர் வீட்டம்மாவும் பக்கத்துலயே குடி வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"அது சரி சார். ஆனா சின்னவன் உங்களண்ட வர்றதில்லைன்னு இல்லத்துல சொல்றாங்க. நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும். அவன் ஒட்டலைன்னா குழந்தைகள் நலக் குழு ஒத்துக்காது. ரெண்டு பேரையும் வெளியூர்ல இருக்கிற பெரிய இல்லத்துக்கு மாத்திடுவாங்க. அங்க பொண்ணுங்க தனி, பசங்க தனி."

அவர் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளில் நான் சீக்கிரமே போய்விட்டேன். அதிகாரி ஏற்கெனவே மூலையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சின்னவன் கதவைப் பிடித்திருந்தான். நான் உள்ளே போனேன். கதவு சாத்தப்படவில்லை.

பெரியவள் நாற்காலியை என்னருகே உருட்டி வந்து, குனியச் சொல்லிச் சைகை காட்டினாள். "இவன் இன்னிக்கு ஒழுங்கா இல்லைன்னா எங்களப் பிரிச்சிடுவாங்களாமே. ஆயாங்க பேசிக்கிட்டாங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பொய் சொல்ல வரலைன்னா விட்டுடுங்க லிஃப்ட்காரரே. நான் ஒண்ணு சொல்றேன். நீங்க வெளிய போயி ரெண்டு தடவ வாங்க. மொதல்ல அவங்களா வாங்க. அப்புறம் நீங்களா வாங்க. ஆள் கணக்கு சரியாயிடும்."

என் வயதுக்கு நான் அப்படிச் செய்திருக்கக்கூடாதுதான். செய்தேன். வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்துக் கொஞ்சம் நின்றேன். பிறகு என் மனைவி நடப்பதுபோல் நிதானமாக, அறைக்குள் காலெடுத்து வைத்தேன். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவள் இருந்தவரை அவளுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறேன். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. முகவாயை உயர்த்தி, குதிகால் தரையில் படாமல், வாய் லேசாகத் திறந்து நின்றான். வாரம் தவறாமல் அவள் பார்த்தது இது. ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி இருக்கவில்லையோ என்னவோ.

நான்தான் என்று தெரிந்ததும் அவன் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று.

மறுபடி வெளியே போனேன். மறுபடி வந்தேன்.

"சாத்துடா. சாத்துடா தங்கம், அக்கா சொல்றேன்ல" என்று பெரியவள் கெஞ்சினாள். எல்லாரையும் சீண்டும் அந்தக் குரல் உடைந்திருந்தது.

சின்னவன் கதவை ஒரு கையால் பிடித்தபடியே மறு கையால் என் மணிக்கட்டைப் பற்றினான். அறைக்குள் இழுத்து, வழியை விட்டு ஓரமாக நிறுத்தினான். அழுத்தம் இல்லாத, காரியமான இழுப்பு. நான் வந்தாயிற்று. வர வேண்டியவருக்கு வழி மறைக்கக்கூடாது.

அதிகாரி எழுந்துவந்தார். "சார், நான் வேணா கதவ சாத்திடவா? கொஞ்சம் அழுவான். ஆனா பழகணும் இல்லையா?"

ஆமாம் என்று சொல்வதுதான் எனக்கு நல்லது என்று தெரிந்தது. பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் அப்படித்தான் சொல்வான். பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மேடம்" என்றேன். "எனக்கே இன்னும் பழகலை."

நிலைப்படியருகே போய்த் தரையில் உட்கார்ந்து, வராந்தாப் பக்கம் காலை நீட்டிக்கொண்டேன். மத்தியான வெயில் ஜன்னல்களின் வழியாக வராந்தாவில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம். சின்னவன் நின்றபடி என் தலையைப் பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து அவனும் உட்கார்ந்தான். கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, என்னிடமிருந்து ஓர் ஆள் நடக்க இடம் விட்டு.

தரை துடைக்கும் பெண் வாளியோடு வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே காலை வைக்கப் போனார். சின்னவன் அந்த இடத்தில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"இந்தப் பக்கமா வாங்கம்மா" என்று நான் காலை மடக்கிச் சுவரோரம் வழி விட்டேன். என் கையையும் அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. அவன் தன் கையை எடுக்கவில்லை.

பின்னால் அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது. நாற்காலிச் சக்கரம் மெல்ல உருண்டு வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

வராந்தாவின் கோடியில் யாரோ திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவனும் நானும் ஒரே சமயத்தில் முகவாயை உயர்த்தினோம்.