நான்காம் எண்

எங்கள் அலுவலகத்தில் மனிதர்களின் உழைப்புக்கு நான்கு எண்கள்தான். மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுப்பவர்கள் ஒன்று. எடுத்ததை வைத்துப் பொருள் செய்பவர்கள் இரண்டு. ஏற்றி இறக்கி, விற்று, கூட்டிப் பெருக்கி, பிறருக்கு வேலை பார்ப்பவர்கள் மூன்று. தெரிந்துவைத்திருப்பதைக் கொண்டே பிழைப்பவர்கள் நான்கு. புள்ளிவிவரத் துறையில் பதினாறு வருடங்களாக நிறுவனங்களை நேரில் போய்ப் பார்த்து, இந்த எண்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் நான்கு எப்போதாவதுதான் விழும். இப்போது எல்லோருக்கும் நான்குதான் வேண்டும். சலவைக் கடைக்காரர் ஒருவர், கறைகளைப் பற்றிய அறிவைத்தான் தான் விற்பதாக அரை மணி நேரம் என்னோடு வாதாடினார்.

அந்த வருடப் பட்டியலில் என் தங்கை வேலை பார்க்கும் இடமும் இருந்தது. சொந்தக்காரர்கள் இருக்கும் இடமென்றால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள வேண்டும். நான் விலகவில்லை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளுக்கு ஏதோ நல்லது செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பழைய அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அது. வெளிச்சம் விழக்கூடாதென்று ஜன்னல்களை அதே அட்டைகளால் அடைத்திருந்தார்கள். அறுபது பெண்கள், அறுபது திரைகள். தெருவின் படம் ஒன்று வரும். அதில் எது ஆள், எது கம்பம், எது நிழல் என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். டிரைவர் இல்லாமல் ஓடப்போகும் கார்களுக்கு அது பாடம். ஒரு படத்துக்கு ஒன்பது நொடி. தங்கை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் ஒரு படம் போய்விடும்.

நடுநடுவே விடை தெரிந்த படங்களையும் கலந்து அனுப்புவார்களாம். அதில் தவறினால் திரை சிவக்கும். மூன்று முறை சிவந்தால் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"எது விடை தெரிஞ்ச படம்னு இவங்களுக்குத் தெரியாது மேடம். அதனால எல்லாத்துலயும் கவனமா இருப்பாங்க," என்றார் சூப்பர்வைசர், தானே கண்டுபிடித்ததைப் போல.

என் படிவத்தில் பல பக்கங்கள் உண்டு. ஆனால் எண்ணைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: வேலை செய்பவர் தானாக முடிவெடுக்க இடம் உண்டா? இல்லையென்றால் மூன்று. மூன்றுக்குச் சட்டம் உண்டு: பிரசவத்துக்குச் சம்பளத்தோடு நான்கு மாத விடுப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க நேரம். நான்கு என்றால் அவர்கள் தொழிலாளர்களே இல்லை, சுதந்திர அறிவுப் பணியாளர்கள். சுதந்திரமாக இருப்பவர்களுக்கு விடுப்பு எதற்கு?

அன்று மாலையே தங்கை வீட்டுக்கு வந்தாள். நாலுதானே போடுவாய் என்று கேட்டாள். விடுப்பைப் பற்றிப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சோபா உறையில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவு நாலு மாசத்துல தீந்துடும்க்கா. மூணுன்னா நான் கூட்டிப் பெருக்குறவங்க கணக்குலதானே? எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க, மருமக அறிவுத் துறைன்னு. அந்த ஒண்ணுக்காகத்தான் என்னை உக்கார வச்சுப் பேசுறாங்க."

அவள் விரலிலிருந்த நூலைப் பிரித்துவிடப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் நாலுல இருக்கலாம், நான் இருக்கக்கூடாதா?" என்றாள்.

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி என்னோடு உட்கார்ந்திருந்தது. வீட்டில் படிக்கிற பெண் நான். அவள் கெட்டிக்காரி, அவ்வளவுதான். அப்படித்தான் எங்களைப் பிரித்து வளர்த்தார்கள். மறுநாள் படிவத்தில் மூன்று என்று எழுதினேன். எழுதியது உண்மை. ஆனால் பேனாவை மூடும்போது உள்ளே ஓர் ஓரத்தில் ஏதோ திருப்தியாக இருந்தது. அது நியாயம் செய்த திருப்திதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். 'பொருந்தவில்லை.' துணை இயக்குநரிடம் போனேன். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அங்கே போவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த நிறுவனத்துக்கு எதிரே நான்கு என்று ஏறியிருந்தது. அறிவுத் துறையின் பங்கு இந்த வருடம் கூடியாக வேண்டும் என்று மேலே முடிவாகியிருந்ததாம்.

"அப்ப என்னை எதுக்கு சார் அனுப்புனீங்க?"

"நீங்க சரியாப் போடுறீங்களான்னு பாக்கத்தாம்மா. பத்துக்கு ஒண்ணு இப்படி அனுப்புவோம்." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு இது ரெண்டாவது தப்பு."

மூன்றாவது வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இடத்துக்குத் திரும்பி மூன்றை அடித்து நான்காக்கினேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அதற்கு ஒன்பது நொடிகூட ஆகவில்லை. தங்கை என் நினைவில் வரவே இல்லை.

அடுத்த மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டார்களாம், எல்லோருக்கும் 'அறிவுப் பணியாளர்' என்று புது அடையாள அட்டையாம்.

"நீ எனக்காகப் பொய் எழுதுவேன்னு நெனைக்கவே இல்லக்கா," என்றாள். எங்களுக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

"உனக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன்," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அது.

ஏழாம் மாதம் அவள் ஒரு கடிதத்தோடு வந்தாள். கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. அவள் சுதந்திரப் பணியாளர் என்பதால் விடுப்புக்கு வழியில்லை, பிரசவத்துக்குப் பிறகு விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இரண்டு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலக்கா. நான்தானே கேட்டேன்." தம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா நான் கேட்டாலும் நீ எழுதியிருக்கக்கூடாது. நீதானே படிச்சவ."

நான் மூன்று என்றுதான் எழுதினேன், மாற்றியது உனக்காக இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் விடுப்போடு சேர்ந்து, அவளுக்காகப் பொய் எழுதிய அக்காவும் போய்விடுவாள். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை.

"ஆமா, எழுதியிருக்கக்கூடாது," என்றேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தாள். பையிலிருந்து புது அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வயிற்றின் மேல் அது நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சரிந்தது. எழுத்து தெரியும்படி அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.