மூன்றாவது டிக்கெட்

...இன்னும் ஒருவர் போவதென்றால் எதை விற்பது, மிளகு போயாயிற்று, கழுத்துச் சங்கிலியும் போயாயிற்று, இனி வீட்டு ஓட்டைத்தான் பிரித்து விற்க வேண்டும் என்று தன்னையே ஏசிக்கொண்டு ஞானசுந்தரி மடியிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தாள், பஸ் ஏற்காட்டு ஏரியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியது. பைக்குள் கப்பல் டிக்கெட்டுக்கான பணம், கூடவே நாலு பாஸ்போர்ட். மகள் லூர்துசெல்விக்குப் பினாங்கில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு அங்கே துறைமுகத்தில் வேலை, அவன் அம்மா படுத்த படுக்கை, அந்தம்மா கண்ணால் பார்க்க வேண்டும், அதனால் கல்யாணம் அங்கேதான் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள், அந்தம்மா பார்க்கட்டும், நல்லா பார்க்கட்டும்... பெற்றவள் பார்க்க வேண்டாமா? தவக்காலம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும், கல்யாண ஓலையும் மாதா கோயிலில் வாசித்தாயிற்று. பெண்ணுக்குப் போக மட்டும் ஒரு டிக்கெட், அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் போக வர. போக மட்டும்... அந்த இரண்டு வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கிற நேரம், கணக்கெழுதுகிற ரைட்டர் உத்தியோகம், கல்யாண லீவுக்கு முன்னால் ஒரு நாள் நகர முடியாது என்று புருஷன் தேவசிகாமணி இவளை அனுப்பிவிட்டார். போகிறவர்களுக்கெல்லாம் போகாதவள் டிக்கெட் எடுக்கப் போகிறாள், நல்ல நியாயம்தான்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் உறுமி நின்று பின்வாங்கித் திரும்பியது, ஜன்னல் பக்கம் வெறும் பள்ளம், கீழே சேலம் வெள்ளையாகப் புகைந்து கிடந்தது, நடுவழியில் இறங்கவா முடியும். கட்டின மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நீயும் வாயேன் என்று ஒரே ஒரு வார்த்தை, சொன்னால் வாயிலிருக்கும் வெற்றிலை கொட்டிவிடுமா? மெட்ராஸில் லாட்ஜ் வேண்டாம், சாமியாரிடம் சொல்லிக் கோயில் வளாகத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றது இவள், பட்டு இரண்டே போதும் என்றதும் இவள்தான், ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், கப்பலில் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி என்று விசாரித்து வந்ததும் இவளேதான், அப்படி இழுத்துப் பிடித்தும் மூன்று பேருக்கு மேல் எட்டவில்லை. பாஸ்போர்ட் மட்டும் நாலு பேருக்கும் எடுத்தார்கள், ஒரே அலைச்சலாகப் போகட்டும் என்று. போட்டோ பிடிக்கப் போன அன்றைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனாளே, எதற்கு அந்தப் பவிசு? மகள்தான் கேட்டாள், துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஏம்மா, நீங்க வரலீங்களா?" என்று. இவள் என்ன சொன்னாள்... நா வந்துட்டா கோழிக்கு ஆரு கண்ணு தீனி போடுவா என்றாள். கோழிக்கு. பெற்ற மகள் கடல் தாண்டிப் போகிறாள், இவள் கோழியைப் பற்றிப் பேசினாள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முன் சீட்டில் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார், பக்கத்திலிருந்தவர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகரச் சொன்னார். தம்பி அருள்சாமியும் இப்படித்தான், வாழவந்தியிலிருந்து ஆரஞ்சுக் கூடையோடு சேலம் போய்த் திரும்புவதற்குள் பாதி உயிர் போய்விடும், பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏறமாட்டான்... போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றான், உட்காரக்கூட இல்லை. "அக்கா, இந்த மலை பஸ்ஸே எனக்கு நொம்ப ஒத்துக்காது. அத்தனை நாளு கடல்ல எப்பிடிக்கா? எனக்குப் பதுலு நீ போயிட்டு வாக்கா," என்றான். சீர் செலவுக்குப் பயப்படுகிறான் என்றுதான் இவள் நினைத்தாள், வாயைத் திறக்கவே விடவில்லை, நீ வராட்டி எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு எதுக்குடா என்று ஒரே போடாகப் போட்டாள். இல்லாவிட்டால் நாத்தனார் சும்மா இருப்பாளா? இவள் கல்யாணத்தில் தாய்மாமன் கோபித்துக்கொண்டு வரவில்லை, மாலை எடுத்துக் கொடுக்க ஆளில்லை, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், இத்தனை வருஷம் ஆகியும் மாமன் இல்லாமல் தாலி கட்டிக்கொண்டவள் என்பது நாத்தனார் வாயில் ஆறாமல் சூடாக இருக்கிறது. அந்தச் சொல் மகள் மேல் விழக்கூடாது. அதனால்தான் மூன்று பேர்தான் என்றான அன்றைக்கு, எல்லோர் முன்னாலும், நாத்தனார் முகத்தைப் பார்த்தே, "தாய்மாமன் இல்லாம எம்புள்ள கழுத்துல தாலி ஏறாது," என்று சொன்னாள். என்ன கம்பீரம் அன்றைக்கு. புருஷன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "உன்ற இஷ்டம்," என்றார். அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்தான்... இப்போதுதான் அது காதில் விழுகிறது.

அடிவாரம் வந்ததும் வெயில் சுள்ளென்றது, ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். சேலத்தில் கப்பல் டிக்கெட் எழுதும் ஆபீஸில் மின்விசிறி கடகடத்தது, கண்ணாடி போட்ட பையன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பேர் சொல்லுங்கம்மா என்றான். லூர்துசெல்வி, போக மட்டும். எழுதினான். தேவசிகாமணி, போக வர. எழுதினான். பாஸ்போர்ட் எங்கே என்றதற்குப் பைக்குள் கைவிட்டாள், ஸ்வெட்டருக்குள் எல்லாம் சிக்கிக் கிடந்தன, மகளுடையது வந்தது, அவருடையது வந்தது, அடுத்து வந்தது இவளுடையது. கனகாம்பரம் காதோரம் தெரிந்தது, பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்த பிள்ளை மாதிரி முகம். இத்தனை நாளும் மனசுக்குள் ஒவ்வொருவராக நிற்க வைத்து நீதானே என்னைத் தடுத்தாய், நீதானே என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, தடுத்தவர் யார்? புருஷன் தடுக்கவில்லை. மகள் கேட்டாள். தம்பி வாசலில் நின்று கெஞ்சினான். இவளுடைய பேரைச் சொன்னால் போதும், இந்தப் பையன் எழுதிக்கொள்வான், அவனுக்கென்ன... ஆனால் நாத்தனார்? இன்னும் ஒரு தலைமுறைக்கு அவள் மகளை... பாவம் தம்பி, எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடலில்...

"மூணாவது ஆருங்கம்மா?" என்றான் பையன்.

வாயைத் திறந்தாள். "மாமன்" என்று வந்தது. நினைத்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. பாஸ்போர்ட் இன்னும் கையில் விரித்தபடியே இருந்தது.

"அது சரிங்க, பேரு?" என்று பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான். கூடப் பிறந்தவன் பேர் மறந்து போகுமா என்ன, தெரியும், நன்றாகத் தெரியும், ஆனாலும் ஞானசுந்தரி அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.